திட்டினால் விலை குறையுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். "புது கேம் 80 டாலர் வரை வந்துவிட்டது. கேம் விளையாடும் பெட்டியான கன்சோலின் விலையும் இறங்குவதற்குப் பதில் ஏறுகிறது. எல்லோரும் திட்டித் தீர்க்கிறோம். இதெல்லாம் கம்பெனிகள் காதில் விழுகிறதா, செவிடன் காதில் ஊதிய சங்குதானா?" திட்டிக்கொண்டே ஒரு 80 டாலர் கேமுக்கு முன்பதிவும் செய்துவிட்டதாகக் கடைசி வரியில் சொல்லியிருந்தீர்கள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

விழுகிறது. ஆனால் திட்டு விழும் காது ஒன்று, விலையை முடிவு செய்யும் தலை வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கேம் வெளியிடும் நிறுவனம் ஒன்றில், பெயர் வேண்டாம், நான்கு வருடம் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருக்கிறேன்.

விலை ஏறப்போவதற்கு முந்தின நாள் மாலை எங்களுக்கு ஒரு கோப்பு வரும். அதில் மூன்று ரகப் பதில்கள் இருக்கும்: கோபமாக எழுதுகிறவருக்கு ஒன்று, விவரம் கேட்கிறவருக்கு ஒன்று, ரத்து செய்யப்போகிறேன் என்கிறவருக்கு ஒன்று. கோபக்காரருக்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி, உரிய குழுவிடம் தெரிவிக்கிறோம்." அந்த 'உரிய குழு' என்பது எங்கள் திரையின் வலது ஓரத்தில் இருந்த ஒரு பட்டியல்தான். அதில் 'விலை – பொது' என்பதைத் தேர்ந்தெடுத்தால் டிக்கெட், அதாவது அந்தப் புகாரின் பதிவு, மூடிக்கொள்ளும். வாரக் கடைசியில் அத்தனை வசவும் சேர்ந்து ஒரு வரைபடத்தில் ஒரே ஒரு பட்டையாக நிற்கும். "இரண்டு வாரத்தில் இறங்கிவிடும்" என்பார் மேலாளர். பெரும்பாலும் இறங்கிவிடும்.

மூன்றாவது ரகம் அப்படியல்ல. சந்தாவை ரத்து செய்தவர்கள், முன்பதிவுப் பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்ற எண் அன்றன்றைக்கே நிதிப் பிரிவுக்குப் போகும். ஒரு தடவை அந்த எண் திடீரென்று ஏறியது. இரவு பத்து மணிக்கு எங்களைக் கூப்பிட்டு, பதில் வாசகத்தையே மாற்றச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க வசவு மழையாகக் கொட்டியபோது யாரும் கூப்பிடவில்லை.

சரி, விலை நியாயமானதா என்பதைப் பார்த்துவிடலாம். இதில் கம்பெனிகள் சொல்வதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. 90களில் கார்ட்ரிட்ஜில், அதாவது கன்சோலில் செருகும் சிப்பு வைத்த டப்பாவில், வந்த கேம்கள் 60, 70 டாலருக்கு விற்றன. சில அதற்கும் மேல். உள்ளே இருந்த சிப்புக்கே கணிசமான காசு. டிஸ்க் வந்ததும் விலை இறங்கியது. 2005–06 வாக்கில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோல்கள் வந்த காலத்தில் பெரிய கேமுக்கு 60 டாலர் என்று நிலைத்தது, 2020 வரை அப்படியே நின்றது. அந்த வருடம்தான் 2கே நிறுவனம் தன் கூடைப்பந்து கேமுக்கு 70 என்று ஆரம்பித்து வைத்தது. சோனி பின்னால் வந்தது. மைக்ரோசாஃப்டும் நிண்டெண்டோவும் 2023இல் சேர்ந்துகொண்டன. 2006இன் 60 டாலரை அமெரிக்கப் பணவீக்கத்தோடு கணக்குப் போட்டால் இன்றைக்கு 90க்கு மேல் வரும். அந்தக் கணக்கில் 80 டாலர் மலிவு!

தயாரிப்புச் செலவும் உண்மையிலேயே எகிறிவிட்டது. 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சோனி கொடுத்த ஆவணம் ஒன்றில் மறைக்க வேண்டிய எண்களைக் கறுப்பு மையால் சரியாக அடிக்காமல் விட்டுவிட்டார்கள். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' கேமுக்குச் சுமார் 22 கோடி டாலர், 'ஹொரைசன் ஃபார்பிடன் வெஸ்ட்' கேமுக்கு 21 கோடிக்கு மேல் என்று அப்படித்தான் ஊருக்கே தெரிந்தது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. அன்றைக்கு 60 டாலர் கொடுத்தால் பெட்டி, கையேடு, முழு கேம், விளையாடி முடித்து இன்னொருவருக்கு விற்கும் உரிமை எல்லாம் வந்தன. இன்றைக்கு அதே கேமை டிஜிட்டலாக வாங்கினால் ஒரு பிரதி கூடுதலாக விற்பதற்கு அவர்களுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நமக்கோ மறுவிற்பனை கிடையாது. மேலே டீலக்ஸ் பதிப்பு, சீசன் பாஸ், உடை, துப்பாக்கிக்கு வண்ணம் என்று கடை விரித்திருக்கும். 60 டாலர் பதினைந்து வருடம் நின்றதற்குக் காரணம் கம்பெனிகளின் தாராள மனசு இல்லை. வாங்குகிறவர் எண்ணிக்கை பெருகியது, உள்ளே விற்கும் சரக்கும் பெருகியது. அப்புறம், கேமின் விலையைச் செலவை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்பதே ஒரு மாயை. வாங்குகிறவர் எதுவரை முகம் சுளிக்காமல் கொடுப்பார் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். 2025இல் 'எக்ஸ்பெடிஷன் 33' 50 டாலருக்கு வந்து அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை வாங்கியது. 'சில்க்சாங்' 20 டாலருக்கு வந்தது. அன்றைக்குக் கூட்டம் தாங்காமல் டிஜிட்டல் கடைகளே தடுமாறின. 22 கோடி செலவழிப்பது அவர்கள் எடுத்த முடிவு, மழை வெயில் மாதிரி வானத்திலிருந்து வந்ததல்ல.

என்னை உண்மையில் உறுத்துவது கன்சோல் விலைதான். முன்பெல்லாம் பொறுமைக்குப் பரிசு உண்டு. வந்த புதிதில் வாங்க முடியாதவர் இரண்டு வருடம் காத்திருந்தால் அதே பெட்டி மலிவாகக் கிடைக்கும், சில சமயம் பாதி விலைக்கு அருகில்கூட வரும். இந்தத் தலைமுறையில் அது தலைகீழாகிவிட்டது. பிளேஸ்டேஷன் 5 இன் டிஸ்க் இல்லாத மாடல் 2020இல் 399 டாலர். 2025 ஆகஸ்டில் 499. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 299இல் ஆரம்பித்து, 2025இல் மட்டும் இரண்டு தடவை ஏறி 399ஐத் தொட்டது. சிப்புகளை முன்பு போல வருடா வருடம் மலிவாகச் சுருக்க முடியவில்லை, அமெரிக்காவின் இறக்குமதி வரி, பணவீக்கம் என்று காரணங்கள் இருக்கின்றன. இருந்தாலும் ஐந்து வருடப் பழைய பொருளைப் புதிதாக வந்தபோது இருந்த விலையைவிட அதிகம் கொடுத்து வாங்குவது இந்தத் தொழில் இதற்கு முன் கண்டிராத வழக்கம். காத்திருந்தவர்தான் இப்போது நஷ்டப்படுகிறார்.

இனி உங்கள் கேள்விக்கு. புகாருக்குக் கம்பெனிகள் வாயால் சொல்லும் பதில், கையால் செய்யும் பதில் என்று இரண்டு உண்டு. வாய்ப் பதில்கள் பெரும்பாலும் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள்தான். பிளேஸ்டேஷன் 3 வருவதற்கு முன் சோனியின் கென் குட்டராகி, இதை வாங்குவதற்காக இன்னும் கூடுதல் நேரம் வேலை செய்யலாம் என்று மக்களுக்குத் தோன்ற வேண்டும் என்றார். 2006இல் அது 499, 599 டாலருக்கு வந்தது. மக்கள் கூடுதல் நேரம் வேலை செய்ததாகத் தெரியவில்லை. அடுத்த வருடக் கடைசியில் 399க்கு ஒரு மாடல் கடைக்கு வந்தது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு அடிக்கடி இணையத் தொடர்பு வேண்டும் என்று அறிவித்தார்கள். இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்றதற்கு அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த டான் மாட்ரிக், "அவர்களுக்கும் எங்களிடம் ஒரு பொருள் இருக்கிறது, பெயர் எக்ஸ்பாக்ஸ் 360" என்றார். சுமார் ஒரு வாரத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. போட்டியாளரான சோனியின் பெட்டி 100 டாலர் குறைவு, இணையக் கட்டாயமும் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். போக்கிடம் இல்லாத வாடிக்கையாளரிடம் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்திருப்பார்களா?

2025 மே மாதம் 'பார்டர்லேண்ட்ஸ் 4' 80 டாலர் ஆகிவிடுமோ என்று ஒரு ரசிகர் கேட்க, அந்த கேமை உருவாக்கிய கியர்பாக்ஸின் தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்டு, விலை தன் கையில் இல்லை என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். "உண்மையான ரசிகராக இருந்தால் எப்படியாவது வழி கண்டுபிடிப்பீர்கள்" என்றும் சேர்த்தார். 1991இல் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக்கொண்டு 80 டாலருக்கு ஒரு கேம் வாங்கிய தன் கதையையும் சொன்னார். கேம் கடைசியில் 70க்குத்தான் வந்தது. அவருடைய பேச்சால் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாவப்பட்டேன்.

வாய்ப் பதிலும் கைப் பதிலும் ஒன்றையொன்று எப்படித் துரத்தும் என்பதற்கு 2017 நவம்பரில் நடந்ததுதான் நல்ல பாடம். 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' கேமை 80 டாலர் கொடுத்து வாங்கியும் முக்கியப் பாத்திரமான டார்த் வேடர் பூட்டியிருக்கிறாரே என்று ரெட்டிட் இணைய மன்றத்தில் ஒருவர் கேட்டார். திறப்பதற்குக் கேமுக்குள் செல்லும் காசான கிரெடிட் 60,000 வேண்டும். விளையாடியே சேர்க்க சுமார் 40 மணி நேரம் ஆகும் என்று இன்னொருவர் கணக்குப் போட்டார். பொறுமை இல்லாதவர் காசு கொடுத்து லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டி, வாங்கலாம். கேமை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தரப்பிலிருந்து பதில் வந்தது: பாத்திரங்களைத் திறக்கும்போது வீரர்களுக்குப் பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கமாம். அந்தப் பதிலுக்கு 6 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் எதிர் வாக்கு விழுந்து கின்னஸில் ஏறியது.

அதற்குப் பிறகு செய்ததைக் கவனியுங்கள். வேடரின் விலையை 75 சதவீதம் குறைத்து 15,000 ஆக்கினார்கள். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசையும் 20,000இலிருந்து 5,000க்கு இறக்கியிருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். வலது கையால் கொடுத்து இடது கையால் எடுப்பது! இந்த வித்தையை நான் வேலை பார்த்த இடத்திலும் பார்த்திருக்கிறேன். 'சமநிலைப்படுத்தல்' என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர் வைத்திருந்தார்கள். கடைசியில், வெளியீட்டுக்கு முந்தின நாள், காசு கொடுத்து வாங்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். கதை அதோடு நிற்கவில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் வேறு சில பெரிய கேம்களின் லூட் பாக்ஸ் சட்டவிரோதம் என்று அறிவித்தது. 2019 தொடக்கத்தில் இதே நிறுவனம் தன் கால்பந்து கேமில் லூட் பாக்ஸ் வாங்கப் பயன்பட்ட பாயிண்ட் விற்பனையை அந்த நாட்டில் நிறுத்த வேண்டியதாயிற்று.

முழுசாகப் பின்வாங்கிய கதைகளும் உண்டு. 2021 ஜனவரி 22 அன்று மைக்ரோசாஃப்ட், ஆன்லைனில் விளையாடுவதற்கான எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு சந்தாவை ஆறு மாதத்துக்கு 60 டாலர் என்று அறிவித்தது. அதற்கு முன் ஒரு வருடத்துக்கே 60 டாலர்தான். அன்றைய பொழுது முடிவதற்குள், "நாங்கள் சொதப்பிவிட்டோம், நீங்கள் சொன்னது சரிதான்" என்ற பொருளில் எழுதி விலையைப் பழையபடி வைத்துவிட்டார்கள். அதோடு, இலவச கேம்களை ஆன்லைனில் விளையாட இனி சந்தா தேவையில்லை என்றும் சொன்னார்கள். 2025இல் அதே நிறுவனத்தின் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2' 80 டாலர் என்று ஜூனில் அறிவிக்கப்பட்டு, ஜூலையில் 70க்கு இறங்கியது. முன்பதிவு செய்தவர்களுக்கு வித்தியாசம் திரும்பக் கிடைத்தது. கார்ப்பரேட் பேராசையைக் கிண்டல் செய்யும் கேமுக்குப் போய் அந்த விலையை முதலில் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் அதிகம்தான்.

இறங்காத கதைக்கு நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல். 2025 ஏப்ரல் 2 அன்று நிண்டெண்டோ அறிமுக நிகழ்ச்சி நடத்தியது, நிகழ்ச்சியில் விலை பற்றிப் பேச்சே இல்லை. முடிந்த பிறகு இணையதளத்தில் பார்த்தால் கன்சோல் 449.99, 'மரியோ கார்ட் வேர்ல்ட்' என்ற கார் பந்தய கேம் 79.99. அடுத்து நடந்த நேரலைகளில் அரட்டைப் பெட்டி முழுக்க "விலையைக் குறை, விலையைக் குறை" என்று ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் ஊழியர்கள் சிரித்த முகத்தோடு கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நிண்டெண்டோவின் அப்போதைய அமெரிக்கத் தலைவர் டக் பவுசர், புதியது கட்டுப்படியாகாதவர்களுக்காகத்தான் பழைய ஸ்விட்ச் மாடல்களையும் விற்பனையில் வைத்திருக்கிறோம் என்றார். மாட்ரிக் சொன்னதுதான், கொஞ்சம் பணிவாக. ஜூன் 5 அன்று விற்பனை தொடங்கியது. நான்கு நாளில் 35 லட்சம் பெட்டிகள் போய்விட்டன.

இதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கன்சோலும் மரியோ கார்ட்டும் சேர்ந்த தொகுப்பு அன்றைக்கு 499.99. அதாவது சேர்த்து வாங்கினால் கேம் 50 டாலர்தான். 80 என்ற எண் பக்கத்தில் நிற்பதால் 50 லாபமாகத் தெரிகிறது. தொகுப்பை வாங்கியவர் 30 டாலர் மிச்சம் பிடித்த திருப்தியோடு போகிறார். திட்டியவர்களிலேயே நிறையப் பேர் அதைத்தான் வாங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். 80 டாலர் விலைச்சீட்டு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

நிண்டெண்டோவுக்கு இறங்கவே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 2011இல் 3டிஎஸ் என்ற அவர்களுடைய கையடக்கக் கன்சோல் 249.99 டாலருக்கு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுக்க 7 லட்சம் சொச்சம்தான் விற்றது. ஆகஸ்டில், ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 169.99க்கு இறக்கினார்கள். முதலில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்து 'தூதர்கள்' என்று பட்டமும் கொடுத்தார்கள். தலைவர் சதோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2011இல் இவ்வளவு பெரிய கூச்சல் எதுவும் இல்லை. வாங்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். 2025இல் கூச்சல் காதைக் கிழித்தது. வரிசையில் நின்று வாங்கினார்கள்.

அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் பாதிதான் உண்மை. பணம் கைமாறுவதற்கு முன் அழ வேண்டும். லைவ் கோல்டு, எக்ஸ்பாக்ஸ் ஒன், அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2, பேட்டில்ஃப்ரன்ட் நான்கிலும் கம்பெனி இன்னும் விற்று முடிக்கவில்லை, அல்லது புதிய விலையில் வசூலிக்கத் தொடங்கவில்லை. பேரம் பேச இடம் இருந்தது.

2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் கேம் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் மாதம் 19.99இலிருந்து 29.99க்குத் தாவியபோது ரத்து செய்யும் பக்கமே திணறும் அளவுக்குக் கூட்டம் வந்தது. ஆனாலும் 2021 மாதிரி அன்றைக்கே பின்வாங்கவில்லை. இந்தத் தடவை விலையோடு சேர்த்து ஃபோர்ட்நைட் சந்தா, யுபிசாஃப்டின் பழைய கேம்கள் என்று கேட்காததையும் தலையில் கட்டி, 'கூடுதல் மதிப்பு' என்று முன்கூட்டியே பதில் தயார் செய்து வைத்திருந்தார்கள். இங்கே கூச்சலைவிடச் சட்டம் அதிகம் சாதித்தது. ஜெர்மனி, தென்கொரியா போன்ற சில நாடுகளில் ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, உள்ளூர் விதிகளின் காரணமாகப் பழைய விலை தொடர்ந்தது. வால்வ் நிறுவனத்தின் டிஜிட்டல் கேம் கடையான ஸ்டீமில் பணம் திரும்பப் பெறும் வசதி வந்ததும் 2015இல், ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது போட்ட வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான். அந்த வழக்கில் பிறகு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விழுந்தது.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சேவைப் பிரிவில் பதில் எழுதுகிறவரைக் கெட்ட வார்த்தையில் திட்டாதீர்கள். விலையைப் பற்றி அவருக்கு உங்களைவிடச் சில மணி நேரம் முன்னால் தெரியும், அவ்வளவுதான் அவருடைய அதிகாரம். மிரட்டல் வந்தால் அந்த டிக்கெட் 'விலை'ப் பட்டையில்கூடச் சேராமல் வேறு பெட்டிக்குப் போய்விடும்.

இப்போது உங்கள் முன்பதிவு. கேம் இன்னும் வெளிவரவில்லை என்றால் உங்களிடம் இருக்கும் ஒரே துருப்புச்சீட்டு அதுதான். ஸ்டீமில் என்றால் வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வந்த பிறகும் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். மற்ற கடைகளில் விதி வேறு, படித்துவிட்டுச் செய்யுங்கள். ரத்து செய்தால் கேம் ஓடிப்போகாது; வெளியான அன்று காலையில்கூட அதே விலைக்குக் கிடைக்கும், டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோன கதையை நான் கேட்டதில்லை. ரத்து செய்யும்போது காரணம் கேட்டு ஒரு பட்டியல் வரலாம். அவசரத்தில் 'இதர காரணங்கள்' என்பதைத் தட்டிவிடாதீர்கள், நாங்கள் இருந்த இடத்தில் அதை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. கொஞ்சம் கீழே இறங்கினால் 'விலை அதிகம்' என்று ஒன்று இருக்கும்.